இறைவனில் இளைப்பாறுதல்

நம் பாட்டன்மார் காலத்தில் இல்லாத வசதிகள் பல இன்று நம் இல்லங்களில் நிறைந்துள்ளன. அம்மியும் ஆட்டுக்கல்லும் செய்த வேலையை மின்பொறி செய்கிறது. கடல் கடந்து வாழும் மகனின் முகத்தைக் கைப்பேசியில் நாள்தோறும் காண்கிறோம். அஞ்சற்காரரின் வருகைக்காக வாசற்படியில் காத்து நின்ற காலம் மறைந்துவிட்டது. ஆயினும், "மனதுக்கு ஓய்வில்லை, சாமி" என்று சொல்லாத இல்லம் ஒன்றையேனும் பங்கில் காண்பது அரிதாக உள்ளது. வசதி பெருகியது, களைப்புக் குறையவில்லை.

உடலின் களைப்பு வேறு. உள்ளத்தின் களைப்பு வேறு. உழைத்துச் சோர்ந்தவன் ஓர் இரவு உறங்கி எழுந்தால் உடல் தேறிவிடும். உள்ளம் அப்படியன்று. விளக்கை அணைத்த பின்னரே அதன் வேலை தொடங்குகிறது. மகளின் திருமணம், மகனின் வேலை, மருத்துவர் சொன்ன ஒரு சொல், வட்டி கட்ட வேண்டிய நாள், உடன்பிறந்தவரோடு தீராத வழக்கு என ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்து நிற்கும். இவை எவையும் தீய நினைவுகள் அல்ல. அன்பும் கடமையுமே அவற்றைப் பிறப்பிக்கின்றன. தீயவனுக்கு மட்டும் உறக்கம் வராது என்றால் அதை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். நல்ல தாய்க்கும், நேர்மையான தந்தைக்கும், பங்கிற்காக ஓடியாடி உழைக்கும் அன்பருக்கும் இளைப்பாறுதல் கிட்டுவதில்லையே, அது ஏன்?

சுமை சுமந்து சோர்ந்திருப்போரை எல்லாம் தம்மிடம் வருமாறு அழைத்து, அவர்களுக்கு இளைப்பாறுதல் தருவதாக நம் ஆண்டவர் வாக்களித்தார் (மத் 11:28-30). மறைக்கல்வி வகுப்பிலேயே நாம் மனப்பாடம் செய்த வாக்கு அது. அதை நாம் அறிவோம்; ஆனால் அதற்குள் நுழைந்திருக்கிறோமா? இக்கேள்விக்கு மறைநூலின் ஒளியிலும், நம் காலத்திலேயே வாழ்ந்து மறைந்த ஓர் ஆயரின் வாழ்விலும் விடை தேடுவோம்.

மன்னா கற்பித்த பாடம்

எகிப்தில் அடிமைகளாய் இருந்த இஸ்ரயேலர் தம் கடவுளுக்குப் பலியிட மூன்று நாள் விடுப்புக் கேட்டனர். பாரவோன் அதைச் சோம்பல் என்றான். வைக்கோல் தருவதை நிறுத்தி, செங்கல் கணக்கை மட்டும் குறைக்காமல் வைத்தான் (விப 5). அடிமைக்கு ஓய்வில்லை, ஓய்வு கேட்டால் அவன் சோம்பேறி. இதுவே பாரவோனின் நீதி. அந்த அடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்ட மக்களுக்கு ஆண்டவர் கொடுத்த முதற்கொடைகளுள் ஒன்று ஓய்வுநாள். இணைச்சட்ட நூல் 5-ஆம் அதிகாரம் அதற்குச் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள்: நீங்கள் எகிப்தில் அடிமைகளாய் இருந்ததை நினைவிற்கொள்ளுங்கள் என்கிறது. பணியாளரும் அந்நியரும், மாடும் கழுதையும்கூட அந்நாளில் இளைப்பாற வேண்டும். ஆகவே ஓய்வுநாள் என்பது விடுதலை பெற்றவரின் அடையாளம்.

ஆனால், எகிப்தை விட்டு மக்களை வெளியே கொண்டுவருவதைவிட, மக்களின் உள்ளத்தை விட்டு எகிப்தை வெளியேற்றுவது கடினமாயிற்று. அதற்காகவே ஆண்டவர் அவர்களை மன்னா என்னும் பள்ளியில் சேர்த்தார். விடுதலைப் பயண நூலின் 16-ஆம் அதிகாரத்தை வீட்டில் அனைவரும் சேர்ந்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஆளுக்கு ஓர் ஓமர் அளவு மன்னா. அன்றன்றைக்கு அன்றன்று சேகரிக்க வேண்டும். மிகுதியாகச் சேகரித்தவனுக்கு மிஞ்சவில்லை. குறைவாகச் சேகரித்தவனுக்குக் குறையவில்லை. நாளை என்ன ஆகுமோ என்று அஞ்சிச் சிலர் காலைவரை எடுத்துவைத்தனர். அது புழுத்து நாற்றமெடுத்தது. ஆறாம் நாளிலோ இருமடங்கு கிடைத்தது. அன்று எடுத்துவைத்தது மட்டும் கெடவில்லை. அப்படியிருந்தும், ஏழாம் நாளில் சிலர் வழக்கம்போல் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். ஒன்றும் காணவில்லை.

ஏழாம் நாளில் வெளியே போன அம்மனிதரை நாம் ஏளனம் செய்ய வேண்டாம். அவர்கள் பசியால் போகவில்லை. வீட்டில் உணவு இருந்தது. கை ஓய்ந்தால் வாழ்வு நின்றுவிடும் என்ற அச்சம் அவர்களை வெளியே தள்ளியது. எகிப்தின் பழைய மேற்பார்வையாளன் இப்போது அவர்களுடைய நெஞ்சுக்குள்ளேயே நின்று சாட்டையை வீசினான். நம்முள்ளும் பலரை இரவெல்லாம் விரட்டுபவன் இவனே. இன்றைய கடமைக்கு இன்றைய அருள் உண்டு. நாளைய கடமைக்கு நாளைய அருள் நாளை பொழியும். நாளைய பாரத்தை இன்றைய அருளைக்கொண்டு சுமக்க முயல்பவன் முறிந்துபோகிறான். விண்ணகத் தந்தையிடம் அன்றாட உணவைக் கேட்கும்படி நம் ஆண்டவர் கற்பித்த செபத்தில் இந்த மன்னாவின் பாடம் அடங்கியுள்ளது.

எல்லையில் நின்றவர்கள்

பாலைநிலம் கடந்து வாக்களிக்கப்பட்ட நாட்டின் எல்லைக்கு மக்கள் வந்துசேர்ந்தனர். குலத்துக்கு ஒருவராகப் பன்னிருவர் நாட்டை உளவு பார்க்கச் சென்று, நாற்பது நாள் சுற்றித் திரும்பினர். ஒரே திராட்சைக் குலையை இருவர் தடியில் கட்டித் தூக்கி வந்தனர் என்றால் அந்நாட்டின் வளத்தை என்னென்பது! பன்னிருவரும் கண்டது ஒன்றே. ஆயினும் பதின்மர், அந்நாட்டு மக்களுக்கு முன் தாங்கள் வெட்டுக்கிளிகளைப்போல் இருந்ததாகக் கூறிக் கலங்கினர். காலேபும் யோசுவாவும் மட்டும், ஆண்டவர் நம்மோடு இருக்கிறார், அஞ்ச வேண்டாம் என்றனர். மக்கள் பதின்மரின் பக்கம் சாய்ந்தனர், இரவெல்லாம் அழுதனர். அதன் பயன், நாற்பது நாளுக்கு ஈடாக நாற்பது ஆண்டு அலைச்சல் (எண் 13-14).

இதன்பின் நடந்ததை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். தண்டனையைக் கேட்ட மக்கள் மனம் மாறியவர்போல் மறுநாளே மலையேறிப் போருக்குப் புறப்பட்டனர். ஆண்டவர் உங்களோடு இல்லை, போகாதீர்கள் என்று மோசே தடுத்தும் கேட்கவில்லை. தோற்றுத் திரும்பினர். முந்திய நாள் ஆண்டவர் போகச் சொன்னபோது அஞ்சி நின்றார்கள். அடுத்த நாள் அவர் நிற்கச் சொன்னபோது துணிந்து போனார்கள். அச்சமும் அகந்தையும் எதிரெதிர்க் குணங்கள்போல் தோன்றினாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றே. இரண்டிலும் மனிதன் தன் வலிமையை மட்டுமே கணக்கிடுகிறான். கணக்கில் வலிமை குறைந்தால் அழுகிறான், மிகுந்தால் துள்ளுகிறான். கடவுள் அந்தக் கணக்கில் இடம்பெறுவதே இல்லை.

இந்நிகழ்ச்சியை 95-ஆம் திருப்பாடல் நினைவூட்டி, உள்ளத்தைக் கடினப்படுத்த வேண்டாம் என எச்சரிக்கிறது. எபிரேயர் திருமுகம் 3, 4 அதிகாரங்களில் அதை விரித்துரைத்து, அம்மக்கள் ஆண்டவரின் இளைப்பாறுதலுக்குள் நுழையாமற்போனதற்குக் காரணம் நம்பிக்கையின்மையே என்று கூறுகிறது. யோசுவா தலைமையில் நாட்டுக்குள் நுழைந்தவர்களுக்கும் அந்த இளைப்பாறுதல் முழுமையாகக் கிட்டிவிடவில்லை. கடவுளின் மக்களுக்கு அது இன்னும் காத்திருக்கிறது என்று உறுதி சொல்கிறது. ஆகவே, இளைப்பாறுதல் நிலத்திலோ வீட்டிலோ வங்கிக் கணக்கிலோ இல்லை. கடன் தீர்ந்த பின், மகள் கரையேறிய பின், ஓய்வூதியம் பெற்ற பின் நிம்மதி வரும் என்று காத்திருப்பவர், அவையெல்லாம் நிறைவேறிய பின்னும் காத்துக்கொண்டே இருப்பார். கடவுள்மேல் சாய்ந்த உள்ளமே அந்த இளைப்பாறுதலுக்குள் நுழையும் வாயில்.

படகில் உறங்கியவர்

கலிலேயக் கடலில் புயல் எழுந்தபோது நம் ஆண்டவர் படகின் பின்புறத்தில் தலையணைமேல் தலைவைத்து உறங்கிக்கொண்டிருந்தார் (மாற் 4:35-41). நாள் முழுவதும் படகில் அமர்ந்து மக்களுக்குப் போதித்த களைப்பு அவருக்கு. அவர் உழைத்தார், ஆகவே உறங்கினார். அவர் தந்தையை நம்பினார். ஆகவே புயலிலும் உறங்கினார். சீடர்களோ அச்சத்தால் விழித்திருந்தார்கள்.

கெத்சமனித் தோட்டத்தில் நிலை மாறுகிறது. அங்கே ஆண்டவர் விழித்திருந்து, வேதனையில் செபிக்கிறார், சீடர்கள் உறங்குகிறார்கள். உறங்க வேண்டிய இடத்தில் விழித்தும், விழிக்க வேண்டிய இடத்தில் உறங்கியும் போனவர்கள் சீடர்கள். நம் நிலையும் பலவேளைகளில் அதுவே. நம்மால் மாற்ற முடியாதவற்றை எண்ணி இரவெல்லாம் விழிக்கிறோம். நாம் செபிக்க வேண்டிய அரைமணி நேரத்தில் கண்ணயர்ந்துவிடுகிறோம். கெத்சமனி வேறொரு பாடத்தையும் தருகிறது. தந்தையை முழுமையாக நம்பிய மகனும் துயருற்றார், கலங்கினார், வியர்வை சிந்தினார். எனவே, கலக்கம் வந்ததால் நம்பிக்கை போய்விட்டது என்று எவரும் தம்மைத் தாமே குற்றஞ்சாட்டிக்கொள்ள வேண்டாம். கலங்கிய உள்ளத்தைத் தந்தையிடம் கொண்டுசேர்ப்பதே நம்பிக்கை.

ஆண்டவர் இளைப்பாறுதலை வாக்களித்த அதே மூச்சில் நுகத்தைப் பற்றியும் பேசினார் என்பதை மறக்கலாகாது. சுமையை இறக்கி வைத்துவிட்டுச் சும்மா இரு என்று அவர் சொல்லவில்லை. தம் நுகத்தை ஏற்றுத் தம்மிடம் கற்றுக்கொள்ளச் சொன்னார். நுகத்தடியில் இரண்டு மாடு பூட்டுவார்கள். பழகாத காளையைப் பழகிய காளையோடு பூட்டி உழப் பழக்குவதை நம் உழவர்கள் அறிவார்கள். இளங்காளை திமிறினால் கழுத்துப் புண்ணாகும். துணைக்காளையின் நடைக்கு இசைந்து நடந்தால் ஏர் இலகுவாக ஓடும். வயல் அதேதான், வேலை அதேதான். ஆனால் தனியாக இழுக்கவில்லை. கிறிஸ்தவனின் இளைப்பாறுதல் இத்தகையது.

சிறையில் கிடைத்த அமைதி

இது மேடையில் பேச எளிது. வாழ்வில் இயலுமா என்று கேட்பவர்களுக்கு வியட்நாம் நாட்டின் கர்தினால் பிரான்சிஸ் சேவியர் நுவென் வான் துவான் அவர்களின் வாழ்வை முன்வைக்க விரும்புகிறேன்.

1928-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் ஹுவே நகரில் பிறந்த இவர், 1953-இல் குருவானார். 1967-இல், 39 வயதில், ஞா டிராங் மறைமாவட்டத்தின் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். நாட்டைப் போர் அழித்துக்கொண்டிருந்த காலம் அது. எனினும் இளம் ஆயர் ஓயாது உழைத்தார். குருமாணவரின் எண்ணிக்கை பெருகியது; பொதுநிலையினர் பயிற்சி பெற்றனர். எட்டு ஆண்டுகள் கடந்தன. 1975 ஏப்ரல் 24 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைச் சைகோன் உயர்மறைமாவட்டத்தின் வாரிசுரிமை கொண்ட பேராயராக நியமித்தார். ஆறே நாள்களில், ஏப்ரல் 30 அன்று, சைகோன் நகரம் வீழ்ந்தது. ஆகஸ்டு 15, மரியன்னையின் விண்ணேற்பு விழாவன்று புதிய ஆட்சியினர் அவரை அழைத்துச் சென்று கைதுசெய்தனர். அப்போது அவருக்கு வயது 47. விசாரணை இல்லை, தீர்ப்பும் இல்லை. பதின்மூன்று ஆண்டுகள் காவலில் கழிந்தன. அவற்றுள் ஒன்பது ஆண்டுகள் தனிமைச் சிறை.

அன்றிரவே அவரை ஞா டிராங் பகுதிக்குக் கொண்டுசென்றார்கள். விடுதலை நாளை எண்ணிக் காத்திருப்பதா என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது. காத்திருக்கப் போவதில்லை, கையிலுள்ள இந்த நொடியை அன்பால் நிரப்பப் போகிறேன் என்று தீர்மானித்தார். திருத்தூதர் பவுல் சிறையிலிருந்து திருமுகங்கள் எழுதியது அவர் நினைவிற்கு வந்தது. ஒரு சிறுவனிடம் பழைய நாள்காட்டித் தாள்களைக் கேட்டுப் பெற்றார். அவற்றின் பின்புறத்தில் இரவு நேரங்களில் தம் மக்களுக்கு எழுதினார். சிறுவன் அவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்ல, அவனுடைய உடன்பிறந்தோர் படியெடுத்தனர். 'நம்பிக்கையின் பாதை' என்ற நூல் இவ்வாறு உருவாகிப் பின்னர் பல மொழிகளில் உலகெங்கும் பரவியது.

ஆனால், 1976-இல் அவர் தனிமைச் சிறையில் அடைக்கப்பட்டபோது அந்த அமைதி சோதிக்கப்பட்டது. சாளரம் இல்லாத அறை. மூச்சை அடைக்கும் வெப்பம். சிலவேளை நாள்கணக்கில் அணையாத விளக்கு, சிலவேளை நாள்கணக்கில் இருட்டு. கதவடியில் இருந்த சிறு துளை அருகே தரையில் படுத்து மூச்சு விட்டார். உடலின் இத்துன்பங்களைவிட உள்ளத்தின் வேதனை கொடிதாயிருந்தது. நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு வயது. எட்டு ஆண்டு ஆயர் அனுபவம். செய்ய வேண்டிய பணியோ மலைபோல் கிடக்கிறது. ஆயனில்லா மந்தை என்ன ஆகும்? தொடங்கிய திட்டங்கள் என்ன ஆகும்? இந்நினைவுகள் அவரை உறங்கவிடவில்லை. கடவுளுக்காகச் செய்த பணிகள் சிதைவதைத் தடுக்க இயலாமல் நெஞ்சம் குமுறியது.

ஓர் இரவு அவருடைய உள்ளத்தின் ஆழத்தில் ஒரு தெளிவு பிறந்தது. கடவுள் வேறு, கடவுளின் பணிகள் வேறு. மறைமாவட்டம், குருமடம், பள்ளிகள், மக்களைச் சந்திக்கும் பயணங்கள் ஆகிய அனைத்தும் நல்லவை, கடவுளின் பணிகள். ஆனால் அவையே கடவுள் அல்ல. அவற்றை விட்டுவிடும்படி கடவுள் விரும்பினால் உடனே விட்டுவிடலாம். அவரால் தம் பணியைத் தம்மைவிடத் திறம்பட வேறொருவரைக்கொண்டு செய்ய இயலும். தாம் தேர்ந்துகொண்டது கடவுளை. அவருடைய பணிகளை அல்ல. இந்தத் தெளிவு தமக்குப் புதிய அமைதியைத் தந்து, தம் சிந்தனை முழுவதையும் மாற்றியது என்று அவரே பின்னாளில் சான்று பகர்ந்தார். அறை மாறவில்லை, காவலர் மாறவில்லை, தண்டனைக் காலம் குறையவில்லை. அவரோ இளைப்பாறுதலுக்குள் நுழைந்துவிட்டார்.

அந்த இளைப்பாறுதல் அவரைச் செயலற்றவர் ஆக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டாருக்குக் கடிதம் எழுத இசைவு கிடைத்தபோது, வயிற்று வலிக்கு மருந்தாகச் சிறிது திராட்சை இரசம் அனுப்பச் சொல்லி எழுதினார். மக்கள் உட்பொருளைப் புரிந்துகொண்டு, வயிற்று மருந்து என்று எழுதி ஒட்டிய சிறு புட்டியை அனுப்பினார்கள். உள்ளங்கையில் மூன்று துளி இரசமும் ஒரு துளி நீரும் வைத்து நாள்தோறும் திருப்பலி நிறைவேற்றினார். அவருடைய கையே கிண்ணமாயிற்று. அவருடைய நெஞ்சே பீடமாயிற்று. முகாமில் ஐம்பது பேர் ஒரே வரிசையில் படுத்த காலத்தில், இரவு ஒன்பதரை மணிக்கு விளக்கு அணைந்த பின், நினைவிலிருந்து திருப்பலிச் செபங்களைச் சொல்லி, கொசுவலைக்கு அடியில் கையை நீட்டிக் கத்தோலிக்கக் கைதிகளுக்கு நற்கருணை வழங்கினார். சிகரெட்டுப் பெட்டித் தாள்களால் சிறு பைகள் செய்து அவற்றில் தேவ நற்கருணையைப் பாதுகாத்தார்கள். தளர்ந்திருந்த பலர் விசுவாசத்தில் திடம் பெற்றனர். கிறிஸ்தவர் அல்லாத கைதிகள் சிலரும் திருமுழுக்குப் பெற்றனர்.

அவரைக் காவல்காத்தவர்களும் அவருடைய அன்புக்கு வசப்பட்டனர். அவர்கள் கெட்டுப்போய்விடுவார்கள் என்று அஞ்சி மேலதிகாரிகள் இரு வாரங்களுக்கு ஒருமுறை காவலரை மாற்றினார்கள். பின்னர், இப்படி மாற்றினால் எல்லாக் காவலரும் கெட்டுப்போவார்கள் என்று மாற்றுவதையே நிறுத்திவிட்டார்கள்! அந்தக் காவலர்களின் கண்டும் காணாத ஒத்துழைப்போடு ஒரு மரத்துண்டில் சிலுவையும், மின்கம்பியில் சங்கிலியும் செய்துகொண்டார். அச்சிலுவையைப் பின்னர் ஆயராகத் தம் மார்பில் அணிந்திருந்தார்.

1988 நவம்பர் 21, கன்னிமரியாவைக் காணிக்கையாக அளித்த விழாவன்று அவர் விடுவிக்கப்பட்டார். வயது அறுபது. தாய்நாட்டில் தங்கிப் பணியாற்றும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. உரோமையில் நீதி, அமைதிக்கான திருப்பீட அவையில் பணியேற்று, 1998-இல் அதன் தலைவரானார். 2000-ஆம் ஆண்டு தவக்காலத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலுக்கும் திருப்பீட அதிகாரிகளுக்கும் தியானம் வழங்கினார். 2001-இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டு, 2002 செப்டம்பர் 16 அன்று இறைவனடி சேர்ந்தார். 2017 மே மாதத்தில் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

அன்பார்ந்த பெற்றோரே, இந்த ஆயர் கண்ட தெளிவை நம் இல்லத்திற்கும் பொருத்திப் பாருங்கள். பிள்ளைகள் கடவுளின் கொடை. ஆனால் பிள்ளைகள் கடவுள் அல்லர். தொழில் கடவுளின் கொடை. தொழில் கடவுள் அன்று. உங்கள் உறக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரு நல்ல பொருளே. அதைக் கடவுளின் இடத்தில் வைத்துவிட்டதால் அது உங்களை ஆட்டிப்படைக்கிறது. கொடையைக் கொடுத்தவரிடமே திரும்ப ஒப்படைத்துவிட்டு, அவர் கையிலிருந்து அதை நாள்தோறும் பெற்றுக்கொண்டால், அன்பு குறையாது, அச்சம் குறையும்.

எது இளைப்பாறுதல் அன்று?

தேவ பராமரிப்பில் நம்பிக்கை வைப்பதைப் பற்றிப் பேசும்போது சில தவறான எண்ணங்களைக் களைய வேண்டும்.

முதலாவது, இது சோம்பல் அன்று. 17-ஆம் நூற்றாண்டில் உரோமையில் வாழ்ந்த மோலினோஸ் என்ற ஸ்பானியக் குரு, ஆன்மா எம்முயற்சியும் செய்யாமல் செயலற்று இருப்பதே நிறைவுநிலை என்று போதித்தார். 1687-இல் திருத்தந்தை பதினோராம் இன்னொசென்ட் அவருடைய 68 கூற்றுகளைக் கண்டித்தார். உழைக்க மனமில்லாதவர் உண்ணலாகாது என்று தெசலோனிக்கருக்கு எழுதியவர் திருத்தூதர் பவுல். ஆகவே, படிக்காமல் தேர்வு எழுதும் மாணவனும், குடித்துவிட்டுக் குடும்பத்தைக் கடவுளிடம் விட்டுவிட்டேன் என்னும் தந்தையும் இறைவனை நம்புகிறவர்கள் அல்லர், அவரைச் சோதிப்பவர்கள்.

இரண்டாவது, இது துன்பம் வராது என்ற உத்தரவாதம் அன்று. நம்பினால் நோய் தீரும், கடன் மறையும் என்று விலைபேசும் போதகர்களின் பின்னால் நம்மவருள் சிலர் ஓடுவதைக் காண்கிறோம். வான் துவான் நம்பினார். பதின்மூன்று ஆண்டுகள் சிறையில் இருந்தார். குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள் நம்பினார். காசநோயால் 1897-இல் தம் 24-ஆம் வயதில் இறந்தார். கடைசி ஒன்றரை ஆண்டுகள் ஆன்மாவில் கடும் இருளையும் சகித்தார். அவருடைய நம்பிக்கையின் வழியை உலகுக்கு மீண்டும் எடுத்துரைக்கத் திருத்தந்தை பிரான்சிஸ் 2023 அக்டோபரில் ஒரு திருத்தூது அறிவுரையையே வெளியிட்டார் என்றால், அந்த வழியின் மதிப்பை உணரலாம்.

மூன்றாவது, உடலையும் மருத்துவத்தையும் புறக்கணிப்பது பக்தி அன்று. இறைவாக்கினர் எலியா சோர்ந்து, சாகவேண்டுமென்று மன்றாடிச் சூரைச்செடியின்கீழ்ப் படுத்துவிட்டார். வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, போதிக்கவும் இல்லை. தட்டி எழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மீண்டும் உறங்கவிட்டார், இரண்டாம் முறையும் எழுப்பி உண்ணச் செய்தார் (1 அர 19). அதன் பின்னரே ஓரேபு மலைப் பயணம். வாரக்கணக்கில் உறக்கமின்றி, உணவு வெறுத்து, வாழ்வே வேண்டாம் என்று சொல்லும் ஒருவர் நம் வீட்டில் இருந்தால், "உனக்கு விசுவாசம் போதாது" என்று சொல்லிப் புண்ணில் வேல் பாய்ச்சாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவரையும் ஆண்டவரே படைத்தார் என்று சீராக் ஞான நூல் 38-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. செபத்தின்போது தூங்கிவிட்டதற்காகக்கூடத் தெரேசம்மாள் மனம் தளரவில்லை. பிள்ளைகள் விழித்திருந்தாலும் உறங்கினாலும் பெற்றோருக்குப் பிரியமானவர்களே என்று எண்ணித் தேறினார்.

நம் இல்லங்களில்

இளைப்பாறுதலுக்குள் நுழைய எபிரேயர் திருமுகம் நம்மை முயற்சி செய்யச் சொல்கிறது. அம்முயற்சிக்குத் துணையாகக் குடும்பங்கள் எளிதில் கைக்கொள்ளக்கூடிய சில வழிகள்:

ஞாயிற்றுக்கிழமையை மீட்டெடுங்கள். திருப்பலிக்குப் பின் கணக்குப் புத்தகமும் தனிப்பயிற்சி வகுப்பும் கைப்பேசியும் அந்நாளை விழுங்கிவிட இடங்கொடாதீர்கள். உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கும், கடையில் நிற்கும் பையனுக்கும் அந்த ஓய்வு கிட்டுகிறதா என்று பாருங்கள். வீட்டில் எல்லாரும் ஓய்ந்திருக்க, தாய் மட்டும் அடுப்படியில் வெந்துகொண்டிருப்பது ஓய்வுநாள் ஆகாது.

இரவு செபமாலை முடிந்ததும், நாளைய கவலைகளுள் ஒன்றை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படையுங்கள். தந்தையின் கவலையைப் பிள்ளைகள் கேட்கட்டும். பிள்ளைகளின் அச்சத்தைத் தந்தை கேட்கட்டும். பிறகு, இதில் நாளை நான் செய்ய வேண்டியது எது, கடவுளிடம் விடவேண்டியது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். மகனுக்குக் கட்டணம் கட்டுவது உங்கள் வேலை. அவன் மதிப்பெண்ணை நீங்கள் எழுத முடியாது.

உள்ளத்தை உறுத்தும் பாவம் இருந்தால், ஒப்புரவு அருட்சாதனத்தை அணுகுங்கள். பகையை வைத்துக்கொண்டு அமைதியைத் தேடுவது, காலில் முள்ளை வைத்துக்கொண்டு நடை பழகுவது போன்றது.

அயலாரின் உதவியை ஏற்க வெட்கப்படாதீர்கள். ஒருவர் சுமையை ஒருவர் தாங்குமாறு பவுலடியார் கலாத்தியருக்கு எழுதினார். கடவுளின் பராமரிப்பு பெரும்பாலும் மனிதக் கைகளின் வழியாகவே வந்துசேர்கிறது. கந்துவட்டிக்காரரின் வாசலில் நிற்குமுன் உங்கள் அன்பியத்தில் மனம் திறந்து பேசுங்கள். பாரிஸ் நகரில் 1833-இல் ஓசானாமும் அவருடைய தோழர்களும் தொடங்கிய புனித வின்சென்ட் தே பவுல் சபை இன்றும் பல பங்குகளில் ஏழைகளின் இல்லந்தேடிச் செல்கிறது. அவ்வாறே, அடுத்த வீட்டாரின் விளக்கு நள்ளிரவிலும் அணையாமல் எரிந்தால், என்னவென்று விசாரியுங்கள். ஒருவேளை, அவர்களுக்கு ஆண்டவர் அனுப்பும் வானதூதர் நீங்களாகவே இருக்கலாம்.

இறுதியாக, திருச்சபையின் இரவுச் செபத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். சிலுவையில் உயிர்விடும் வேளையில் நம் ஆண்டவர் தம் ஆவியைத் தந்தையின் கைகளில் ஒப்படைத்தார் (லூக் 23:46). அச்சொற்கள் 31-ஆம் திருப்பாடலில் உள்ளவை. குருக்களும் துறவியரும் ஒவ்வோர் இரவும் அச்சொற்களைச் சொல்லியே நாளை முடிக்கின்றனர். மீட்பரைக் கையில் ஏந்திய முதியவர் சிமியோனின் பாடலும் அச்செபத்தில் உண்டு. உறங்கப் போகும் மனிதன் சில மணி நேரத்திற்கு உலகின்மேல் தனக்குள்ள பிடியை முழுவதுமாகத் தளர்த்துகிறான். அவன் உறங்கும்போதும் உலகம் சுழல்கிறது. வயலில் விதை முளைக்கிறது. மருத்துவமனையில் குழந்தை பிறக்கிறது. இஸ்ரயேலைக் காப்பவர் உறங்குவதில்லை என்று திருப்பாடல் உறுதி கூறுகிறது. ஆகவே ஒவ்வோர் இரவு உறக்கமும் நம்பிக்கையின் ஒரு சிறு பயிற்சி. இறுதி நாளில் நம்மை முழுவதுமாக அவர் கையில் ஒப்படைப்பதற்கான ஒத்திகை.

அன்புமிக்க குடும்பங்களே, இன்றிரவு விளக்கை அணைக்குமுன் உங்கள் உள்ளத்தை அழுத்தும் அந்த ஒன்றைப் பெயர் சொல்லித் தந்தையின் கையில் வையுங்கள். நாளை காலையில் உங்கள் பங்குக் கடமையைச் செய்ய எழுந்திருங்கள். அதுவரை உலகைக் காக்கும் பொறுப்பு உங்களுடையது அன்று. இளைப்பாறுதலை வாக்களித்த இறைமகன் இயேசு, உங்களையும் உங்கள் இல்லத்தாரையும் அதனுள் அழைத்துச் செல்வாராக!